பால் காணாது என்றார்கள்

எங்கள் பக்கம் போதாது என்பதைக் காணாது என்றுதான் சொல்வோம். சோறு காணாது, சம்பளம் காணாது. என் மூத்த மகள் பிறந்த இரண்டாம் நாள், தையல் வலியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். "பிள்ளை இப்படி அழுகுதே, பால் காணாது போல." மாமி சொன்னார், சித்தி சொன்னார், பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த அம்மா சொன்னார். கடைசியில் இரவு டியூட்டி நர்ஸும் அதையே சொல்லி, ஒரு பால் பவுடர் டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

2017 நவம்பர் 8 அன்று எனக்கு சிசேரியன். பிள்ளை 2 கிலோ 900 கிராம். என்னை வார்டுக்குக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று எடை போட்டால் 2 கிலோ 700. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது போல இருந்தது. பிறந்த சில நாட்களில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் எடை குறையும், பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் அது இயல்புதான், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கும் அவ்வளவுதான் வேண்டும். இதையும் யாரும் சொல்லித் தரவில்லை. கர்ப்பமாக இருந்த ஒன்பது மாதமும் இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், நடைப்பயிற்சி என்று எல்லாவற்றையும் சொன்னவர்கள், பிள்ளையை எப்படி மார்பில் போட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அது தானாக வரும் என்று நானும் இருந்துவிட்டேன்.

திருவட்டாறு பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தோம். மார்பில் போட்டால் பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுக்கும். இரண்டு பக்கமும் வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் அழ ஆரம்பித்தாலே என் உடம்பு நடுங்கும். பாட்டிலைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். அதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியானார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு பாட்டில், இரண்டு மூன்று தடவை மட்டும் மார்பு என்றாகிவிட்டது. மார்பும் கனப்பதில்லை. பார்த்தீர்களா, பால் காணாதுதான் என்றார்கள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அப்புறம் ஒக்கிப் புயல் வந்தது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த நவம்பர் 30 வியாழக்கிழமையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க மழை, விடிந்ததும் காற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் மரங்கள் தீக்குச்சி ஒடிவது போல வரிசையாக ஒடிந்தன. முற்றத்து அயனி மரம் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டது. கரண்ட் கம்பங்கள் விழுந்தன, செல்போன் டவர் போனது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்களைத் தேடி ஜனங்கள் கதறிய செய்தி எங்களுக்கு வந்து சேரவே இரண்டு நாள் ஆனது. எங்கள் ஊருக்கு மறுபடியும் கரண்ட் வந்தது பதினோராவது நாள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் என்னவெல்லாம் நின்றுபோகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மோட்டார் ஓடாது. கிணற்றில் வாளி போட்டு இறைக்க வேண்டும், அந்தத் தண்ணீரோ இலையும் மண்ணும் விழுந்து கலங்கிக் கிடந்தது. பாட்டிலை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க வேண்டும், பவுடர் கரைக்கத் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும், எல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். சிலிண்டர் எந்த நேரமும் தீரலாம். டப்பாவில் பவுடர் கால்வாசிதான் இருந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன, பைக் போகக்கூட வழி இல்லை. அன்றைக்கு ராத்திரி அந்த டப்பாவுக்குள் கரண்டியை விட்டு எத்தனை தடவைக்கு வரும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் சப்சென்டர் நர்சம்மா நடந்தே வந்தார். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, புடவை முட்டு வரை சேறு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளை மட்டும் முதலில் பார்த்துவருவதாகச் சொன்னார். பாட்டிலைப் பார்த்தார். திட்டவில்லை. "எனக்கு முன்னால ஒரு தடவை பால் குடு மக்களே, பாக்கட்டும்" என்றார்.

இரண்டே நிமிடம் பார்த்தார். பால் இல்லை என்று அவர் சொல்லவில்லை. "நீ பிள்ளைகிட்டக் குனியுத. பிள்ளை உங்கிட்ட வரணும்" என்றார். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துச் சாயவைத்தார். பிள்ளையின் துணியை அவிழ்த்து, அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். அதுவரை நான் அவளை மல்லாக்க வைத்துத் தலையை மட்டும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியுமா? காம்பை அவள் மூக்குக்கு நேராக வைத்து மேலுதட்டைத் தொடச் சொன்னார். கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை பொறுக்கச் சொன்னார். திறந்த நொடியில் முதுகைத் தாங்கி அப்படியே அணைத்தார். காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனது. நாடி மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடங்கியது, மூக்கு தாராளமாக வெளியே இருந்தது. முதல் சில நொடி சுருக்கென்றது, அப்புறம் வலியே இல்லை. இரண்டு மூன்று சப்புக்கு ஒரு தடவை "க்கு" என்று விழுங்கும் சத்தம் கேட்டது. மூன்று வாரத்தில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

வலி தொடர்ந்து இருந்தால் பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்து மறுபடி போட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது என்றார். சிசேரியன் தையல் வலித்தால் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்குவது போலப் பக்கவாட்டில் பிடிக்கலாம் என்று அதையும் காட்டினார்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. மார்பு ஒரு தொட்டியில்லை, நிறையட்டும் என்று காத்திருக்க. பிள்ளை உறிஞ்சி எடுத்தால்தான் மறுபடி ஊறும், எடுக்காமல் விட்டால் உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டிலும் என் மார்புக்கு இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் என்பதால் ராத்திரிப் பாலை விடவே கூடாது என்றார். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். பயமும் வலியும் அதைத் தடுக்கும், பிள்ளையை நெஞ்சோடு போட்டுக்கொண்டிருந்தால் அது தாராளமாக வரும். என்னைச் சுற்றி நின்று ஆளாளுக்குக் காணாது, காணாது என்று சொன்னதே என் பாலைத் தடுத்ததில் ஒரு பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பவுடரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை அவர். முதலில் இரண்டு மார்பிலும் கொடு, அதற்குப் பிறகும் பசி இருந்தால் மட்டும் பவுடர் பாலைக் கொஞ்சம் சங்கு மாதிரி இருக்கும் பாலாடைக் கிண்ணத்தில் கொடு, பாட்டில் வேண்டாம், தினம் ஒரு தடவையைக் குறை என்றார். கூடவே ஒரு நிபந்தனை. மூத்திரத்தை எண்ண வேண்டும். ஐந்து நாள் தாண்டிய பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நிறமில்லாமல் தெளிவாக மூத்திரம் போனால் பால் போதுகிறது. மஞ்சள் கடுத்துப் போனாலோ எண்ணிக்கை குறைந்தாலோ உடனே தகவல் சொல்ல வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். ராத்திரியும் பகலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை பால் கொடுத்தேன். கரண்ட் இல்லை, டிவி இல்லை, போன் இல்லை, வெயில் வரும்போது திண்ணையில், இருட்டியதும் கட்டிலில், பிள்ளையும் நானும் மட்டும். அம்மா உளுந்தங்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பார், துணி அலசுவார், வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்புவார். பாலூட்டும் பெண்ணுக்கு வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். பிள்ளையை வாங்கிக்கொண்டு பாட்டில் கொடுப்பதைவிட, அவள் சும்மா உட்கார்ந்து பால் கொடுக்க விடுவது.

ஏழாம் நாள் நர்சம்மா தூக்குத் தராசோடு வந்தார். வெள்ளிக்கிழமை 3 கிலோ 20 கிராம் இருந்தவள் 3 கிலோ 190. ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் போதுமாம். டப்பாவில் ஐந்து தடவைக்கான பவுடர் மீதி இருந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை.

அந்த நாட்களில் கலங்கிய கிணற்றுத் தண்ணீரில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். அதனால் முதல் ஆறு மாதம் எவ்வளவு வெயில் அடித்தாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைக்க வேண்டாம், ஆற்ற வேண்டாம். அதிலிருக்கும் நோய் எதிர்ப்புப் பொருட்கள் குடலிலும் மூச்சுப் பாதையிலும் காவல் நிற்கின்றன. அதனால்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுச்சீழ் எல்லாம் குறைவாக வருகின்றன. தாய்க்கு ஒரு கிருமி தொற்றினால் அதற்கான எதிர்ப்பை அவள் உடம்பு உண்டாக்கிப் பாலிலும் அனுப்புகிறது. புயல், வெள்ளம் என்று வரும்போது கைக்குழந்தைகளுக்கு நிவாரணமாகப் பவுடர் டப்பாக்களை வாரி வழங்குவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு பதறுகிறது. அந்தத் தாய்க்கு ஒரு வேளை நல்ல சாப்பாடும், மறைவாக உட்கார ஓர் இடமும் கொடுங்கள்.

தாய்க்கு என்ன லாபம் என்று யாரும் பேசுவதே இல்லை. பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், அதுவும் இரண்டாவது பிரசவத்தில் நன்றாகவே வலிக்கும். கர்ப்பப்பை சுருங்குகிறது, ரத்தப்போக்கு குறைகிறது, நல்லது நடக்கிறது என்று அர்த்தம். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. சினைப்பைப் புற்றுநோய், சர்க்கரை நோய் அபாயமும் குறைகிறது. ஆனால் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். பால் கொடுத்தால் கர்ப்பம் தங்காது என்பது மூன்றும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் உண்மை: பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் குடிக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இதில் ஒன்று மாறினாலும் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் எட்டாம் மாதத்தில் மறுபடி கர்ப்பமான பெண் என் சொந்தத்திலேயே உண்டு.

என் அம்மா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என்னைப் பெற்ற மூன்றாம் மாதமே தோல் உரிக்கப் போயாக வேண்டிய நிலை. பதினோரு மணிக்கு மேல் மார்பு கல்லாகி, ஜாக்கெட் நனைந்து, மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலை செய்வாராம். மத்தியானம் அம்மச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து வருவார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பார். மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இரண்டு வயது வரை. இதை அவர் என்னிடம் சொன்னது அந்தப் புயல் ராத்திரிகளில்தான். "இத ஏம்மா முந்தியே சொல்லல்ல?" என்றேன். "படிச்ச ஆளுவ சொல்லும்போ நான் என்ன சொல்ல மக்களே" என்றார். எனக்கு ரொம்ப நாள் மனசில் கிடந்த பதில் அது.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டிலும் பெரிய சண்டை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்பார்கள். அதைக் கேட்காதீர்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பூண்டு, கருப்பட்டி, உளுந்து, சுறாப்புட்டு, சாளைக் குழம்பு எல்லாம் நல்ல உணவு, தாயின் உடம்பு தேற வேண்டும், சந்தோஷமாகச் சாப்பிடலாம். ஆனால் பிள்ளை சரியாகக் கவ்விக் குடிக்காமல் எந்தப் புட்டும் பாலைக் கூட்டாது.

இரண்டாவது மகன் 2021 ஜனவரியில் பிறந்தான், அதுவும் சிசேரியன். இந்தத் தடவை முன்னாலேயே டாக்டரிடம் பேசிவைத்தேன்: ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை என் மார்புக்கு வர வேண்டும். கொரோனா சமயம், மாஸ்க் போட்டுக்கொண்டே அவனை நெஞ்சில் வாங்கினேன். சீம்பால் ஒரு சொட்டு வீணாகவில்லை. அது பிள்ளைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. கரும்பச்சை மலத்தை வெளியேற்றி மஞ்சள் காமாலை கூடாமல் இருக்கவும் உதவும். பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டுவைக்கப் பெரியவர் ஒருவர் தேனோடு வந்தார். ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமிவித்து பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம். அவர் மனம் கோணக்கூடாது என்று, "நீங்க நெத்தியில தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா, அது போதும்" என்றேன். செய்தார்.

2017-ல் வந்த சட்டத் திருத்தத்தால் எனக்கு இரண்டு தடவையும் 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. அரசு ஊழியர்களுக்கு நம் மாநிலத்தில் 2021 முதல் ஒரு வருடம். லீவு முடியும்போது பிள்ளைக்கு ஆறு மாதம், ஏத்தங்காய்ப் பொடிக் கூழும் மசித்த மட்டிப் பழமும் தொடங்கலாம். மூன்றாம் மாதமே கூழ் காய்ச்சும் அவசரம் எங்கள் ஊரில் உண்டு, வேண்டாம். பவுடர் சீட்டு எழுதிய நர்ஸைப் பற்றியும் ஒன்று பிறகு தெரிந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருளை விளம்பரம் செய்வதையும் ஆஸ்பத்திரி வழியாகப் பரப்புவதையும் 1992-லேயே சட்டம் தடுத்திருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய பிறகு நாகர்கோவில் ஆபீஸில் பால் பீய்ச்ச இடம் இல்லை. ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கினேன். கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். கையால் பீய்ச்சுவது இரண்டு நாளில் பழகிவிடும்: கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். சுத்தமான மூடி போட்ட கிண்ணத்தில் வெளியே நாலு மணி நேரம் வரை இருக்கும், நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜின் உள்பக்கம் நாலு நாள் வரை வைக்கலாம். சூடாக்க வேண்டுமென்றால் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஒரு வாரம் வேலை நெருக்கடியில் பீய்ச்சாமல் விட்டதில் பால் கட்டி, ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வந்தது. அந்தப் பக்கம் கொடுக்காதே என்றார்கள் வீட்டில். டாக்டர் நேர் எதிராகச் சொன்னார்: மருந்தும் சாப்பிடு, பாலும் நிறுத்தாதே. அப்படித்தான் சரியானது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்க்காவிட்டால் அநியாயம். எவ்வளவு முயன்றும் உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும் பெண்கள் சிலர் உண்டு. தைராய்டு, மார்பில் அறுவைசிகிச்சை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, சில மருந்துகள் என்று காரணங்கள் இருக்கும். அவர்கள் டாக்டர் சொல்லிப் பவுடர் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை, அந்தத் தாயை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. பிள்ளை சோர்ந்து எழுப்பினாலும் குடிக்காமல் கிடந்தால், மூத்திரம் குறைந்தால், மஞ்சள் கூடினால், காலையா ராத்திரியா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

போன மாதம் சித்தி மகளுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் பிரசவம். வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் அடித்தாள். பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

"அக்கா, பால் காணாது போல."

"விடிஞ்சதுல இருந்து எத்தன தடவ மூத்திரம் போச்சு?"

அவள் எண்ணினாள். "ஏழு. இல்ல, எட்டு."

"அப்போ காணும். முதுகுக்குத் தலகாணி வச்சுச் சாஞ்சு இரி. பிள்ள வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும்."

போனை வைக்க வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அந்த "க்கு", மறுபடியும் ஒரு "க்கு".